டார்வினும் ஹூக்கரும்: தபாலில் வளர்ந்த சிநேகம்

தூரதேசத்தில் இருக்கும் சிநேகிதருக்குக் கடிதம் எழுத உட்காருகிறவர், தாம் போய்வந்த ஊர்களையும் படித்து முடித்த புஸ்தகங்களையும் பற்றிப் பிரஸ்தாபிப்பதற்கு முன்னால், வீட்டில் யார் யாருக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுவது நம் நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். 'இவ்விடம் யாவரும் க்ஷேமம்' என்று தொடங்கி, தாயாரின் முழங்கால் வலியையும், குழந்தைக்கு வந்து போன ஜுரத்தையும், தம்மை இரவில் தூங்கவிடாத இருமலையும் சொல்லி முடித்த பிறகே நம் பெரியவர்கள் விஷயத்துக்கு வந்தார்கள். இந்த முதற்பகுதியை வெறும் சம்பிரதாயம் என்று கருதிப் பார்வையைக் கீழே ஓட்டிவிடுகிற வாசகர்கள் உண்டு. பிரசித்தி பெற்றவர்களின் கடிதங்களைத் திரட்டி அச்சிடுகிறவர்களிலும் சிலர் அதை வெட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சிறிதும் சம்மதமில்லை. உடம்பையும் குடும்பத்தையும் பற்றிய அந்தச் சில வரிகள் இல்லாமற் போயிருந்தால், பிரயாணத்தையும் புஸ்தகங்களையும் பற்றிய மற்றப் பக்கங்கள் நெடுநாள் நீடித்திருக்கவே மாட்டா என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நான் காட்டும் சாட்சியம் இங்கிலாந்திலிருந்து வருகிறது. பரிணாமக் கொள்கையை உலகுக்கு அளித்த சார்ல்ஸ் டார்வினும், லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தின் தலைவராகப் பின்னாளில் விளங்கிய ஜோசப் டால்டன் ஹூக்கரும், 1843-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 1882-இல் டார்வின் காலமாகும் வரையில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட கடிதங்களில் ஏறக்குறைய 1,400 இன்றும் எஞ்சியிருக்கின்றன. டார்வின் எழுதியவையும் பெற்றவையுமாகிய 15,000-க்கும் மேற்பட்ட கடிதங்களைத் திரட்டி, 1985-இல் முதல் தொகுதியும் 2023-இல் முப்பதாம் தொகுதியுமாகக் கேம்பிரிட்ஜில் வெளியிட்டு முடித்தார்கள். அந்தப் பெருந்திரளில் ஹூக்கருக்கு வாய்த்த பங்கே எல்லோருடையதிலும் பெரியது. தீவுகளின் தாவரங்களைப் பற்றிய ஒரு கேள்வியும், புதிதாய் வந்த ஒரு நூலைப் பற்றிய அபிப்பிராயமும், முந்தின இரவு பட்ட வயிற்று உபாதையும், ஒரு குழந்தையின் காய்ச்சலும் ஒரே தாளில் அடுத்தடுத்து நிற்கும் கடிதங்கள் இவை.

ஹூக்கர் டார்வினைவிட எட்டு வயது இளையவர். கிளாஸ்கோவில் வைத்தியப் படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருந்தபோது, டார்வின் பீகிள் கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்து எழுதிய பிரயாண நூலின் அச்சுத் தாள்கள், புஸ்தகம் வெளிவருவதற்கு முன்பே, குடும்ப நண்பர் ஒருவர் மூலமாக அவர் கைக்குக் கிடைத்தன. பரீக்ஷைக்கு இரவு பகலாகப் படித்துக்கொண்டிருந்த மாணவருக்கு வேறு அவகாசம் ஏது? அந்தத் தாள்களைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு உறங்கி, விழிப்பதற்கும் எழுவதற்கும் இடைப்பட்ட சிறிது பொழுதில் அவற்றைப் படித்தார். 1839-இல் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில், பீகிளில் உடன் சென்ற ஒருவரோடு நடந்துகொண்டிருந்தபோது, எதிரே வந்த டார்வினைச் சில நிமிஷங்கள் கண்டு பேசும் பாக்கியமும் அவருக்குக் கிட்டியது. அதே ஆண்டு, தாமும் ஓர் உதவி வைத்தியராகத் தென்துருவக் கடல்களை நோக்கிப் புறப்பட்ட எரிபஸ் என்னும் கப்பலில் ஏறினார்; நண்பர் குடும்பம் பரிசளித்த டார்வினின் நூல் பெட்டியில் இருந்தது. நான்கு வருஷங்கள் தாஸ்மேனியா, நியூஸிலாந்து, டியெரா டெல் ஃபியூகோ என்று திரிந்து, பெட்டி பெட்டியாகச் செடிகளை உலர்த்திக்கொண்டு 1843-இல் ஊர் திரும்பினார்.

திரும்பிய சில வாரங்களிலேயே டார்வினிடமிருந்து கடிதம் வந்தது. தாம் தென் அமெரிக்காவிலும் கலாபகஸ் தீவுகளிலும் சேகரித்து வந்த செடிகளை ஹூக்கர் ஆராய வேண்டும் என்று அதில் கேட்டிருந்தார். இவ்விடத்தில் தபாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கடிதத்தைப் பெறுகிறவரே தூரத்துக்குத் தக்கபடி கூலி கொடுத்து வாங்கவேண்டியிருந்த பழைய ஏற்பாடு ஒழிந்து, அரை அவுன்ஸ் எடையுள்ள கடிதம் பிரிட்டனின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்குப் போகலாம் என்ற புது ஏற்பாடு 1840 ஜனவரியில்தான் வந்திருந்தது. இந்த மாறுதல் வந்திராவிட்டால், கென்ட் மாகாணத்தில் ரயில் நிலையமும் பக்கத்தில் இல்லாத டௌன் என்னும் குக்கிராமத்தில் 1842-இல் குடியேறிவிட்ட டார்வின், தினந்தோறும் உலகத்தைக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க முடிந்திராது.

1844 ஜனவரி 11-ஆம் தேதி எழுதிய கடிதத்தில், அறிமுகம் முதிராத அந்த இளைஞரிடம் டார்வின் தம் ரகசியத்தை வெளியிட்டார்: உயிரினங்கள் என்றும் மாறாதவை என்ற கொள்கையில் தமக்கு நம்பிக்கை போய்விட்டது என்றும், அதைச் சொல்வதே ஒரு கொலையை ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்றும் எழுதினார். அந்தக் காலத்தில் அந்த அபிப்பிராயம் ஒருவருடைய நற்பெயரைக் குலைக்கப் போதுமானது. ஹூக்கர் அதிர்ச்சியும் காட்டவில்லை, ஆமோதிக்கவும் இல்லை. உயிரினங்கள் படிப்படியாக மாறியிருக்கக்கூடும் என்றும், இதுவரை சொல்லப்பட்ட காரணம் எதுவும் தம் மனத்துக்குத் திருப்தி அளிக்காததால், டார்வின் எப்படி நினைக்கிறார் என்பதைக் கேட்க ஆவலாயிருப்பதாகவும் அந்த மாதமே பதில் எழுதினார். நல்ல சிநேகிதரின் பதில் அது.

மறு வருஷமே டார்வின் அவரிடம் வேறொன்றையும் சொன்னார். நண்பர்கள் பலர் தம்மை, இல்லாத வியாதியை இருப்பதாகக் கற்பித்துக்கொள்பவர் என்று எண்ணுவதாக எழுதினார். வயிற்றுக் குமட்டலும், வாந்தியும், சோர்வும், தலைசுற்றலும் டார்வினை வாழ்நாளில் பெரும்பகுதி வாட்டின. அவற்றின் மூல காரணத்தை அன்றைய வைத்தியர்களும் கண்டுபிடிக்கவில்லை, அதன் பிறகு வந்தவர்களும் முடிவாகச் சொல்லவில்லை. பார்வைக்குத் திடகாத்திரராகத் தோன்றும் ஒருவர் இப்படி முறையிட்டால் உலகம் எளிதில் நம்பாது. ஹூக்கர் நம்பினார். கொள்கையைக் கேட்டுக்கொண்ட அதே பொறுமையோடு வியாதியையும் கேட்டுக்கொண்டார் என்பதே, அந்தக் கொள்கை அடுத்த பதினான்கு வருஷ காலம் வெளியே கசியாமல் இருவருக்குமிடையே பத்திரமாய் வளர்ந்ததற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

டௌன் கிராமத்துக்கு ஹூக்கர் விருந்தாளியாகப் போய்த் தங்குகிற நாட்களில், காலை ஆகாரம் ஆனதும் டார்வின் அவரைத் தம் படிப்பறைக்கு அழைத்துச் சென்று, துண்டுச் சீட்டுகளில் எழுதிச் சேர்த்துவைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பார். அரைமணி நேரம் சம்பாஷணை நடக்கும். அதற்குமேல் பேசினால் டார்வினுக்கு அன்றைய பொழுது போயிற்று. ஹூக்கர் கையோடு கொண்டுவந்த தம் வேலையை எடுத்துக்கொண்டு வேறோர் அறைக்குப் போய்விடுவார். ஒரே வீட்டில் இருக்கும்போதே அரைமணிதான் என்றால், கியூவுக்கும் டௌனுக்கும் இடையே இருந்த இருபது மைல் அளவான தூரத்தைக் கடந்து அடிக்கடி சந்திப்பது எங்கே? ஆகையால், பேச்சில் மிஞ்சியதையெல்லாம் தபால்காரர் சுமந்தார்.

இமயமலையில் ஒருவர், நீர்வைத்தியத்தில் ஒருவர்

1847 நவம்பரில் ஹூக்கர் இந்தியாவுக்குப் புறப்பட்டார். புதிய கவர்னர் ஜெனரலாக வந்துகொண்டிருந்த டல்ஹௌஸி பிரபுவின் பரிவாரத்தோடு கப்பலில் வரும் வசதி அவருக்குக் கிடைத்தது. இந்த டல்ஹௌஸிதான் 1854-இல் நம் நாடெங்கும் ஒரே விதமான தபால் கட்டணத்தைப் புகுத்தி, அரையணாவுக்குக் கடிதம் போகும்படி செய்தவர். திருநெல்வேலியிலிருந்த தாயாருக்கும் சென்னையில் படித்த மகனுக்கும் இடையே க்ஷேம சமாசாரம் மலிவாய்ப் போய்வந்ததற்கு மூலபுருஷர் என்று அவரைச் சொல்லலாம்.

1848 ஏப்ரலில் டார்ஜிலிங் போய்ச் சேர்ந்த ஹூக்கர், அங்கே பிரையன் ஹாட்ஜ்ஸன் என்னும் அறிஞரின் இல்லத்தில் தங்கி, கஞ்சன்ஜங்கா சிகரத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். அளந்து கண்ட மலைகளில் அதுவே உலகத்தில் உயர்ந்தது என்று அப்போது நம்பப்பட்டது. சிக்கிம், கிழக்கு நேபாளம் ஆகிய பிரதேசங்களில், அவருக்கு முன் ஐரோப்பியர் எவரும் நடந்திராத கணவாய்களை ஏறிக் கடந்து, 18,000 அடிக்கு மேற்பட்ட இடங்களிலும் செடி பறித்து, பாதரசமானியைப் பார்த்து உயரம் குறித்து, வரைபடமும் எழுதினார். அவர் அனுப்பிய சித்திரங்களையும் குறிப்புகளையும் கொண்டு, கியூவின் தலைவராக இருந்த அவர் தகப்பனார், சிக்கிமின் ரோடோடெண்ட்ரான் மலர்களைப் பற்றிய வர்ணப்படப் புஸ்தகத்தை, மகன் இன்னும் மலையிலேயே இருக்கும்போது 1849-இல் வெளியிடத் தொடங்கிவிட்டார். நீலகிரியின் சோலைகளில் சிவக்கச் சிவக்கப் பூத்து நிற்கும் மரத்தைப் பார்த்தவர்கள், அந்த இமயமலை மலர்களின் நெருங்கிய பந்துவைப் பார்த்தவர்களே.

டார்வினுக்கு அந்த வருஷங்கள் மிகக் கொடியவை. 1848 நவம்பரில் தகப்பனார் இறந்தார். சவ அடக்கத்துக்குக் காலத்தில் போய்ச் சேரவும் இயலாத அளவுக்கு உடம்பு கெட்டிருந்தது. கைகள் நடுங்கின. வாந்தி நிற்கவில்லை. 1849 மார்ச்சில் குடும்பத்தோடு மால்வர்ன் என்னும் ஊருக்குப் போய், நீர்வைத்தியம் செய்யும் டாக்டர் கல்லியிடம் தம்மை ஒப்படைத்தார். வீடு திரும்பிய பிறகு, 1849 அக்டோபர் 12-இல், இமயமலையில் இருந்த நண்பருக்கு எழுதிய கடிதத்தில், ஹூக்கர் கேட்டிருந்த கேள்விக்கு விடையாக அந்தச் சிகிச்சையை விவரிக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் சாராய விளக்கின் வெப்பத்தில் வேர்க்க வேர்க்க உட்காருவது, உடனே குளிர்ந்த நீரில் ஐந்து நிமிஷம் இருப்பது, தினமும் ஐந்து நிமிஷம் மேலேயிருந்து கொட்டும் குளிர்நீரின் கீழ் நிற்பது, நீர் சொட்டும் துணியை உடம்பில் சுற்றிக்கொள்வது என்று எல்லாம் கணக்காக எழுதியிருக்கிறார். அந்த நீர்த்தாரைக்கென்று தோட்டத்தில் ஓர் அமைப்பே கட்டிவிட்டதாகவும், பனி பெய்தாலும் நிறுத்துவதில்லை என்றும் சொல்கிறார். பகற்பொழுது தேறிய அளவுக்கு இரவு இன்னும் தேறவில்லையாம். அதே கடிதத்தில் பனியாறுகள் கொண்டுவந்து குவித்த கற்களைப் பற்றியும், தாம் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்த பார்னக்கிள் என்னும் கடற்பிராணிகளைப் பற்றியும் பேசுகிறார்.

இந்தக் கடிதம் கடலில் வந்துகொண்டிருந்த நாட்களில் ஹூக்கர் சிறைப்பட்டார். டார்ஜிலிங்கின் நிர்வாகியான டாக்டர் கேம்பல் அவரோடு பிரயாணத்தில் சேர்ந்துகொண்டிருந்தார். திபெத்தின் எல்லையிலிருந்து அவர்கள் திரும்பும்போது, 1849 நவம்பர் 7-இல், சிக்கிம் திவானின் ஆட்கள் கேம்பலைப் பிடித்துக் கட்டி அடித்தார்கள். ஹூக்கரை அவர்கள் தொடவில்லை. ஆனாலும் அவர் கேம்பலை விட்டுப் பிரிய மறுத்து உடனே இருந்தார். டிசம்பர் 24-ஆம் தேதிதான் இருவரும் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார்கள். 1851-இல் ஊர் திரும்பி, 1854-இல் ஹூக்கர் வெளியிட்ட இமயமலைப் பிரயாண நூல் டார்வினுக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கிறது. தலையணையின் கீழ் டார்வினின் பிரயாண நூலை வைத்துப் படித்த மாணவர், தம் பிரயாண நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

உப்புநீரில் விதைகளும் குழந்தைகளின் சித்திரங்களும்

இந்தியாவிலிருந்து திரும்பிய வருஷமே ஹூக்கருக்கு விவாகம் நடந்தது. மணமகள் ஃபிரான்ஸஸ், கேம்பிரிட்ஜில் டார்வினுக்குக் குருவாக இருந்த ஹென்ஸ்லோவின் மகள். இரண்டு வீடுகளிலும் குழந்தைகள் நிறைந்தார்கள். விஞ்ஞானத்திலும் அந்தக் குழந்தைகள் புகுந்துவிட்டார்கள்.

சமுத்திரத்தின் நடுவே இருக்கும் தீவுகளுக்குச் செடிகள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதில் நண்பர்களுக்குள் நெடுநாள் விவாதம். பூர்வகாலத்தில் நிலப்பரப்பு தொடர்ந்திருக்கவேண்டும் என்பது ஹூக்கரின் சார்பு. விதைகள் மிதந்தே போயிருக்கலாம் என்பது டார்வினின் ஊகம். உப்புநீரில் விதை உயிரோடிருக்குமா என்பதை எவரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை. 1855-இல் டார்வின் முள்ளங்கி, முட்டைகோஸ், காரட், வெங்காயம் முதலிய சாதாரணத் தோட்ட விதைகளைச் சீசாக்களில் உப்புநீர் ஊற்றி ஊறவைத்தார். தண்ணீர் தாங்கமுடியாதபடி நாறியது. அதை அடிக்கடி மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு தவணையிலும் சில விதைகளை எடுத்து மண்ணில் இட்டுப் பார்த்தார். அப்பா டாக்டர் ஹூக்கரை ஜயித்துவிடுவாரா என்று குழந்தைகள் ஓயாமல் கேட்பதாக, ஹூக்கருக்கே எழுதினார் டார்வின்! கடைசியில் 87 வகை விதைகளில் 64 வகை, 28 நாட்கள் உப்புநீரில் கிடந்த பிறகும் முளைத்தன. அபிப்பிராய பேதம் சிநேகத்துக்கு ஊறு செய்யாமல், வீட்டுக்குள் எல்லோருக்கும் ஒரு விளையாட்டாக மாறியதைக் காணும்போது மனத்துக்கு எவ்வளவு இதமாக இருக்கிறது!

கியூவிலிருந்த குழந்தைகள் செய்த காரியம் இன்னும் விபரீதமானது. 1859-இல், உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றிய தம் நூலில் தாவரங்களும் பிராணிகளும் பூமியில் பரவியிருக்கும் விதத்தைக் கூறும் பகுதியைப் பார்வையிடும்படி டார்வின் ஹூக்கருக்கு அனுப்பினார். அந்தக் கையெழுத்துப் பிரதி, ஹூக்கரின் மனைவி குழந்தைகள் படம் வரைவதற்கென்று பழைய காகிதங்களைப் போட்டுவைக்கும் இழுப்பறைக்குள் எப்படியோ போய்விட்டது. ஹூக்கர் தேடி எடுப்பதற்குள் அதில் கால்பங்கு குழந்தைகளின் சித்திரங்களுக்கு இரையாகிவிட்டது. நல்லவேளையாக டார்வினிடம் பழைய பிரதி இருந்தது. தமிழ் வாசகருக்கு இந்த விஷயத்தில் தனி அக்கறை உண்டு: இமயமலையிலும், இந்தியத் தீபகற்பத்தின் தனித்த மலைகளிலும், இலங்கையின் உயரங்களிலும் ஒரே வகையான செடிகளோ, ஒன்றற்கொன்று ஈடான செடிகளோ காணப்படுவதை ஹூக்கர் சொல்லக் கேட்டு, பூமி முழுவதும் குளிர்ந்திருந்த ஒரு பழங்காலத்தில் அவை சமவெளியைக் கடந்து பரவியிருக்கவேண்டும் என்று டார்வின் வாதிப்பது நூலின் இந்தப் பகுதியில்தான்.

அந்த நூல் வெளிவருவதற்கு முந்தின வருஷம் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1858 ஜூன் மாதத்தில், மலாய்த் தீவுக்கூட்டத்திலிருந்து ஆல்ஃபிரட் வாலஸ் அனுப்பிய கட்டுரை டார்வினுக்குக் கிடைத்தது. இருபது வருஷமாகத் தாம் வளர்த்துவந்த கருத்து முழுவதும் அதில் இருந்தது. என்ன செய்வது என்று லயல், ஹூக்கர் ஆகிய இரு நண்பர்களிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்கும்போதே, வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஸ்கார்லெட் ஜுரம் கண்டு, ஜூன் 28-இல் அது இறந்துபோயிற்று. மறுநாள், வேண்டிய காகிதங்களை அனுப்பும்படி ஹூக்கரிடமிருந்து கடிதம் வந்தது. தம்மால் எதையும் சிந்திக்க முடியவில்லை என்று எழுதிய டார்வின், அன்றிரவே ஒரு வேலைக்காரர் மூலம் கியூவுக்குக் காகிதங்களை அனுப்பினார். அவற்றோடு 1844-இல் தாம் எழுதிவைத்த கையெழுத்துப் பிரதியையும் சேர்த்திருந்தார். அதன் ஓரங்களில் ஹூக்கர் எழுதிய குறிப்புகள் இருந்தன. அவர் அதை முன்பே படித்திருக்கிறார் என்பதற்கு அவர் கையெழுத்தே அத்தாட்சியாகும் என்பது டார்வினின் எண்ணம். ஜூலை 1-ஆம் தேதி லின்னேயன் சங்கத்தில் வாலஸின் கட்டுரையும் டார்வினின் பகுதிகளும் சேர்த்து வாசிக்கப்பட்ட அதே தினத்தில், டௌனில் அந்தக் குழந்தையை அடக்கம் செய்தார்கள். எழுந்து நிற்கவும் திராணியில்லாத ஒரு தகப்பனுக்காக, அவருடைய வாழ்நாள் உழைப்பை நியாயமான முறையில் உலகத்தின் முன் வைத்தவர்கள் நண்பர்கள். அந்த ஒரு வாரக் கடிதங்களில் எது குடும்ப சமாசாரம், எது விஞ்ஞானம் என்று பிரிக்க யாராலும் ஆகாது.

மால்வர்னுக்கு வந்த கடிதம்

1863 செப்டம்பரில் டார்வின் மறுபடியும் மால்வர்னில் இருந்தார். உடம்பு அந்த அளவுக்குக் கெட்டிருந்தது. அந்த ஊர் அவருக்கும் அவர் மனைவி எம்மாவுக்கும் சாதாரண ஊர் அன்று. 1851-இல், பத்து வயதான மூத்த மகள் அன்னியைச் சிகிச்சைக்காக அங்கே அழைத்துப்போய், படுக்கையருகே இரவும் பகலும் உட்கார்ந்திருந்து, பிரசவ காலம் நெருங்கியதால் வர இயலாமல் டௌனிலேயே இருந்த எம்மாவுக்கு நாள்தோறும் குழந்தையின் நிலைமையை எழுதி அனுப்பி, கடைசியில் மரணச் செய்தியையும் அவரே எழுதவேண்டி வந்த ஊர் அது. பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்ப வந்தபோது, எம்மா மாதாகோயில் தோட்டத்தில் அன்னியின் சமாதிக் கல்லைத் தேடினார். முதலில் கண்ணுக்கு அகப்படவில்லை, உறவினர் ஒருவர் அடையாளம் எழுதி அனுப்பிய பிறகே அகப்பட்டது.

அந்த மாதம் 28-ஆம் தேதி, கியூவில் ஹூக்கரின் ஆறு வயது மகள் மின்னி இறந்தாள். உயிர் பிரிந்து ஒரு மணி நேரத்துக்குள் ஹூக்கர் பேனாவை எடுத்து டார்வினுக்கு எழுதினார். இந்தத் துக்கத்தில் வேறெந்த நண்பரையும்விட உங்களையே அதிகமாக நினைக்கிறேன் என்று சொன்னார். சில தினங்களில் மற்றொரு கடிதம்: அவள் குரல் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கிறதென்றும், கணப்பின் அருகிலும் தோட்டத்திலும் அவள் சிறு கை தம் கைக்குள் நுழைவதுபோல் உணர்வதாகவும் எழுதினார். டார்வின் நோய்ப்படுக்கையிலிருந்து அனுப்பிய பதிலில் வேதாந்தம் எதுவும் பேசவில்லை. அன்னியிடம் ஒரு கடுஞ்சொல்லும் தாம் சொன்னதில்லை என்ற நினைவே தமக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்றும், ஹூக்கரின் துக்கம் தம்மையும் அழவைத்தது என்றும், ஆனால் அந்தக் கண்ணீரில் பழைய நாட்களின் சொல்லொணாக் கசப்பு இப்போது இல்லை என்றும் எழுதினார். புத்திர சோகத்தில் இருக்கும் ஒருவருக்கு, அதே சோகத்தைக் கடந்து வந்தவர் சொல்லக்கூடிய உண்மை அவ்வளவுதான்.

இன்று டொராண்டோவிலும் சிட்னியிலும் சிங்கப்பூரிலும் நம்முடைய பால்ய சிநேகிதர்கள் இருக்கிறார்கள். நினைத்த மாத்திரத்தில் முகம் பார்த்துப் பேசுகிறோம். போன ஊர்களின் படங்கள் நொடியில் வந்து விழுகின்றன. ஆனால் 'உடம்பு எப்படி இருக்கிறது?' என்று கேட்டால், 'நன்றாயிருக்கிறேன்' என்ற ஒரு வார்த்தையோடு பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. ஆபரேஷன் நடந்து ஆறு மாதம் ஆன பிறகு மூன்றாம் மனுஷர் வாயிலாக அதை அறிந்து வருந்துகிறோம். தூரத்தில் இருப்பவரை வீணாகக் கவலைப்படுத்தக்கூடாது என்ற நல்லெண்ணம் அதற்குக் காரணம் என்பது எனக்குத் தெரியும். அந்த நல்லெண்ணமே மெல்ல மெல்லச் சிநேகத்தை வெறும் பரிச்சயமாக்கிவிடுகிறது என்று நான் அஞ்சுகிறேன். தம் வயிற்று உபாதையை இமயமலைவரை எழுதி அனுப்பிய டார்வின், நண்பரைக் கவலைப்படுத்தத்தான் செய்தார். கவலைப்படும் உரிமையை அவருக்கு வழங்கினார் என்று அதைச் சொல்வதே பொருந்தும்.

புஸ்தகங்களைப் பற்றிய பேச்சும் இந்த நோய்களின் நடுவேதான் நடந்தது. 1865-இல் டார்வின் பல மாதங்கள் எழுந்து வேலை செய்ய இயலாமல் கிடந்தார். எம்மா உரக்கப் படிக்க, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த வருஷம் ஆகஸ்டில் ஹூக்கரின் தகப்பனார் காலமானார். ஹூக்கரும் வாதஜுரத்தில் படுத்தார். இருவரும் நோயாளிகளாயிருந்த செப்டம்பர் மாதத்தில், டைலரும் லெக்கியும் எழுதிய நூல்களைப் படித்தீர்களா, இரண்டும் எனக்கு மிகுந்த சுவை தந்தன என்று டார்வின் விசாரிக்கிறார். நாவல்களிலும் அவருக்குப் பிரியம் அதிகம். முடிவு மங்களமாக இருக்கவேண்டும் என்பது அவர் விதித்த ஒரு நிபந்தனை.

வருஷங்கள் சென்றன. தகப்பனாருக்குப் பின் கியூவின் தலைமைப் பதவி ஹூக்கருக்கு வந்தது. நம் நாட்டுத் தாவரங்களை ஏழு தொகுதிகளில் விவரிக்கும் அவருடைய பெருநூல் 1872-இல் தொடங்கி 1897-இல் முடிந்தது. சென்னை ராஜதானியின் தாவரங்களைப் பற்றிப் பிற்காலத்தில் கேம்பிள் எழுதிய நூலுக்கு அது பெருந்துணையாயிற்று. 1874-இல் ஃபிரான்ஸஸ் மறைந்தார். 1881 ஜூனில், ஓய்வுக்காக ஏரிக்கரை ஒன்றில் தங்கியிருந்த டார்வின், புதிதாக எந்த ஆராய்ச்சியையும் தொடங்கத் தமக்கு வலுவில்லை என்றும், டௌன் கிராமத்து மாதாகோயில் தோட்டமே இனி உலகத்தில் தமக்கு இனிய இடமாகத் தோன்றுகிறது என்றும் ஹூக்கருக்கு எழுதினார். அந்த விருப்பம் நிறைவேறவில்லை. 1882 ஏப்ரல் 19-இல் அவர் காலமானார். 26-ஆம் தேதி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் நடந்தபோது, சவப்பேழையோடு நடந்தவர்களில் ஹூக்கரும் வாலஸும் இருந்தார்கள்.

இறப்பதற்குச் சில மாதம் முன்பு டார்வின் நண்பரிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தார். தம் ஆராய்ச்சிகளின்போது ஒரு செடியின் சரியான பெயரையும், அது எந்த நாட்டுக்குரியது என்பதையும் அறிவதற்குத் தாம் பட்ட சிரமத்தை மற்றவர்கள் படக்கூடாது என்று கருதி, உலகத்தில் இதுவரை பெயரிடப்பட்ட பூக்கும் செடிகள் அனைத்துக்கும் கியூவில் ஓர் அகராதி தயாரிக்கவேண்டும் என்றும், அதற்கு ஆண்டுதோறும் கணிசமான தொகை தாம் தருவதாகவும் வாக்களித்திருந்தார். குடும்பத்தார் அந்த வாக்கைக் காப்பாற்றினார்கள். ஹூக்கரின் மேற்பார்வையில், பெஞ்சமின் டேடன் ஜாக்ஸன் பல வருஷம் உழைத்துத் தொகுத்த 'இண்டெக்ஸ் கியூவென்ஸிஸ்' 1893 முதல் 1895 வரை நான்கு பாகங்களாக வெளிவந்தது. ஹூக்கர் 1911 வரை உயிரோடிருந்தார். தொண்ணூறு வயதைத் தாண்டியும், இமயமலையிலிருந்தும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்தும் வந்து குவிந்த காசித்தும்பை இனங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் பிரித்துப் பார்த்துப் பெயரிட்டுக்கொண்டிருந்தார். அப்பெயர்கள் அந்த அகராதியின் பிற்சேர்க்கைகளில் ஏறின.